ஆஸ்பத்திரிக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துப்போவது?

மருத்துவமனையில் துணைக்கு இருக்கப்போகிறவருக்கு ஊரே பட்டியல் கொடுக்கும். ஃப்ளாஸ்க், போர்வை, ஸ்பூன், பழைய துணி, ஆதார் நகல், சில்லறைப் பணம். புத்தகம் என்று வந்தால் மட்டும், "ரெண்டு புக்கு எடுத்துட்டுப் போ, பொழுது போகும்" என்பதோடு சரி. எந்தப் புத்தகம், எவ்வளவு பெரியது, எந்த வெளிச்சத்தில், யாருக்காக என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எழுபதைத் தாண்டிய உடம்பு, சர்க்கரை வேறு. இதயத்துக்காகச் சாப்பிட்டுவந்த ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்திச் சில நாள் காத்திருந்துதான் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்றார்கள். அப்புறம் சர்க்கரை இறங்கவில்லை என்று இன்னும் சில நாள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில், காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நிலையில் அம்மா படுத்திருந்தாள். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வீடியோ காலில் அழுவதைத் தவிர அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பகலும் இரவும் நான் ஒருத்திதான். அலுவலகத்தில் இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து கடைசியில் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

சேர்த்த மறுநாளே நான் செய்த காரியம், வீட்டில் படிக்காமல் அடுக்கி வைத்திருந்த பெரிய புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டதுதான். தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கி, நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று வைத்திருந்தவை. இப்போது நேரத்துக்கு என்ன குறை? போதாததற்கு, பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் புகுந்து இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு மேலும் வாங்கினேன். பயத்தில் இருப்பவர்கள் பழக்கடைக்குப் போனாலும் மருந்துக்கடைக்குப் போனாலும் தேவைக்கு மேல் வாங்குவார்கள் என்பதை வார்டில் எல்லாக் கட்டிலுக்கடியிலும் பார்த்தேன். என் கட்டிலுக்கடியில் அது புத்தகமாக இருந்தது.

முதலில் எடுத்தது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. ஆயிரம் பக்கத்துக்கு மேல், மதுரையின் ஆறு நூற்றாண்டுக் கதை. மதுரையிலேயே உட்கார்ந்து படிக்க இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் சிக்கல் கதையில் இல்லை, எடையில். துணைக்கு இருப்பவருக்குத் தருவது முதுகு சாய இடமில்லாத ஒரு இரும்பு ஸ்டூல். ஒரு கை எப்போதும் அம்மாவின் கையைப் பிடித்திருக்கும், விட்டால் டிரிப்ஸ் ஊசியை இழுத்துவிடுவாள். மிச்சம் இருக்கும் ஒரு கையால் அந்தப் புத்தகத்தைப் பிடிக்க முடியாது. மடியில் வைத்தால் கழுத்து வலி, கட்டில் ஓரத்தில் வைத்தால் சிஸ்டர் திட்டுவார். இரண்டாவது சிக்கல், மன்னர்கள், தளபதிகள், ஊர்கள் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் யார் யார் என்று மறந்துபோகும். நல்ல நாவல், அதில் சந்தேகமில்லை. பிறகு வீட்டில் மேசைமேல் வைத்துப் படித்தேன், இரவுக் காவலும், சுவரில் ஓட்டை போட்டுத் திருடும் கன்னமுமாக வரும் பக்கங்களை நிறுத்தவே முடியவில்லை. ஆனால் வார்டில் அது எனக்குத் தலையணையாகத்தான் பயன்பட்டது.

அங்கே ஒன்று புரிந்தது. மருத்துவமனையில் நேரம் நிறைய இருக்கிறது, ஆனால் எல்லாம் சில்லறையாக இருக்கிறது. காய்ச்சல் பார்க்க ஒருவர், பிரஷர் பார்க்க ஒருவர், ரத்தம் எடுக்க ஒருவர், துடைக்க வருபவர், சாப்பாட்டு வண்டி, டாக்டர் ரவுண்ட்ஸ், "இந்த மருந்தைக் கீழே போய் வாங்கிட்டு வாங்க", பெட்பேன், பக்கத்துக் கட்டிலுக்கு வந்த சொந்தக்காரர் கேட்கும் "எப்படி விழுந்தாங்க?" என்ற அதே கேள்வி. இதற்கு நடுவில் சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தக் கால் மணிக்குள் ஒரு பகுதி முடிந்துவிட வேண்டும், அடுத்த கால் மணிக்கு எட்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் கதை பிடிபட வேண்டும். புத்தகம் தேர்ந்தெடுக்க இதைத்தான் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். நல்ல புத்தகமா என்பதெல்லாம் அப்புறம்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' தோற்றது எனக்கே வருத்தமாக இருந்தது. கல்லூரியில் படித்தபோது அந்தக் கும்பகோணத்துத் தெருக்களில் நானே நடந்ததுபோலப் பைத்தியமாகத் திரிந்திருக்கிறேன். வார்டில் திரும்ப எடுத்தபோது கதாநாயகன் பாபுவின்மேல் எரிச்சல்தான் வந்தது. இந்தப் பையனுக்கு வேறு வேலையே இல்லையா, யாருக்காவது மருந்து வாங்க ஓடினால் தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன். பாட்டு வாத்தியார் ரங்கண்ணா தம்புராவின் சுருதிக்குக் காது கொடுக்கும் பக்கங்களுக்குச் சுற்றிலும் ஒரு நிசப்தம் வேண்டும். எதிர்க் கட்டில் ஆச்சியின் இருமலுக்கும் லிஃப்ட் கதவின் கிறீச்சுக்கும் நடுவில் தி. ஜானகிராமனைப் படிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பிடித்த புத்தகத்தை அங்கே எடுத்துப்போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இடத்து வாசனை அதில் ஒட்டிக்கொள்கிறது. இப்போதும் அந்தப் பிரதியைத் திறந்தால் எனக்கு ஸ்பிரிட் நெடிதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது, பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் புத்தகங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சொந்தக்காரர் ஆப்பிளோடு சேர்த்து, எல்லாம் நம் எண்ணத்தில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். ஆனால் சர்க்கரை முந்நூறில் நிற்கும் ஒரு ராத்திரியில் அதைப் புரட்டிப் பாருங்கள். நான் சரியாக நினைக்காததால்தான் அம்மாவின் எலும்பு முறிந்தது என்று அது சொல்வதுபோல் இருக்கும். அதை அன்றைக்கே வரவேற்பறை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காணோம். யாருக்காவது உதவியிருந்தால் சந்தோஷம்.

அதைவிட ஆழமாக என்னைத் தாக்கியது இமையத்தின் 'செல்லாத பணம்'. அலுவலகத் தோழி கொடுத்தது. சாகித்திய அகாதெமி விருது வாங்கியது, கையில் எடுத்தால் வைக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். கதை என்ன என்று நானும் கேட்கவில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், ரேவதி என்ற பெண் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்க, வெளியே அவளுடைய அப்பாவும் அம்மாவும் அண்ணனும் காத்துக் கிடப்பதுதான் நாவலின் பெரும்பகுதி. கையில் பணம் இருக்கிறது, அதை எங்கே கட்டினால் அவள் பிழைப்பாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு ஐந்தடி தள்ளி ஒரு குடும்பம் அதே வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தது. யார் மேல் தப்பு, யார் பார்த்து வைத்த சம்பந்தம், உள்ளே விட மாட்டேன் என்கிறார்களே, டாக்டர் என்ன சொன்னார், ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தில் எது முடிகிறது, வராந்தாவில் எது தொடங்குகிறது என்று தெரியாமல் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. மூடிவைத்துவிட்டேன். அன்று இரவு முழுக்க அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதனால், யாராவது புத்தகம் கொடுத்தால் கூச்சப்படாமல் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். இதில் ஆஸ்பத்திரி வருகிறதா? யாராவது நோயில் கிடந்து சாகிறார்களா? கதையைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பார்கள். போகட்டும். நீங்கள் கொடுப்பவராக இருந்தால் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறான முடிவுக்கும் போய்விடக்கூடாது. வலி இல்லாத, சிரிப்பு மட்டும் இருக்கிற புத்தகம்தான் சரி என்று நானும் ஒரு நகைச்சுவைத் தொகுப்பை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட ஒட்டவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வராதபோது நமக்கே நம்மேல் ஒரு பயம் வந்துவிடுகிறது. எனக்குக் கைகொடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஒல்லியான புத்தகம், ஒரு கையில் அடங்கும், பைக்குள் மடித்து வைக்கலாம். சென்னையில் தண்ணீர் வராத காலம். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார்கள், பம்பு அடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுநாளும் அதையே செய்கிறார்கள். சுகமான கதை இல்லை. ஜமுனாவின் வாழ்க்கையில் நல்லது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அதில் எல்லோருக்கும் அடுத்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. வார்டின் கோடியில் இருந்த வெந்நீர்க் குழாய்க்கு அதிகாலையில் வரிசையில் நிற்கும்போது அதை இடுப்பில் செருகிக்கொண்டு போவேன். நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் டீச்சரம்மாவைப் படித்தபோது, அப்போது வந்து போன எந்தச் சொந்தக்காரரும் தராத தெம்பு வந்தது. அவள் யாருக்கும் ஆறுதல் சொல்லி இனிக்க இனிக்கப் பேசுகிறவள் இல்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஆறுதல் இல்லை, கூட நின்று குடம் தூக்க ஒரு ஆள்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கான புத்தகங்கள். அம்மாவுக்கு என்ன செய்வது என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது. அவள் விழுந்ததில் கண்ணாடி உடைந்திருந்தது, மல்லாந்து படுத்தபடியே இருப்பவளால் எப்படியும் எதையும் பிடித்துப் படிக்க முடியாது. அம்மா கோவில்பட்டிப் பக்கம். எட்டாவதுக்குமேல் படிக்கவில்லை, ஆனால் என்னைவிட அதிகம் வாசித்தவள். பாட்டி 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். ஐம்பதுகளின் காகிதம், ஓரமெல்லாம் பொடியும். நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரங்கள். அதில் ஒரு பாகத்தை எடுத்து வரச்சொல்லி அம்மாவே கேட்டாள்.

சத்தமாகப் படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தொடர்கதையாக எழுதப்பட்ட நாவல் மருத்துவமனைக்கென்றே செய்தது போன்றது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்த வாசகருக்காகக் கல்கி எழுதியது அது. அத்தியாயம் சின்னது, ஒவ்வொன்றும் ஒரு முடிச்சோடு நிற்கும், அடுத்ததில் முன்கதையை லேசாக நினைவுபடுத்திவிடுவார். சிஸ்டர் ஊசியோடு வந்து நின்றால் அங்கேயே நிறுத்தலாம், ஒன்றும் குடிமுழுகாது. தடங்கல் அந்தக் கதைக்கு ஏற்கெனவே பழக்கம். இதே காரணத்தால், வாராந்திரத் தொடராக வந்த எந்தப் பழைய நாவலும் பொருந்தும் என்று இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

நான் அம்மாவுக்கு மட்டும்தான் படிக்க ஆரம்பித்தேன், அதுவும் மெதுவாக. பக்கத்துக் கட்டிலில் கைமுறிவோடு இருந்த அக்கா, "கொஞ்சம் சத்தமாத்தான் படிங்களேன்" என்றார். எதிர்க் கட்டில் ஆச்சி இருமுவதை அடக்கிக்கொண்டு கேட்டார். பெரிய பழுவேட்டரையர் அந்த வயதில் நந்தினியைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு வார்டே சிரித்தது. "அறுபது வயசுல எதுக்காம் இந்த வேலை" என்று அக்கா சொன்னதும், ஆச்சி சட்டென்று, "அவளைத் தப்பா பேசாதீங்க, அந்தப் புள்ளைக்கு யாரு இருந்தா?" என்று நந்தினிக்கு வக்காலத்து வாங்கினார். அதற்குப் பிறகு நந்தினி வரும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இரண்டு கட்சி. சினிமா பார்த்தவர்கள் ஐஸ்வர்யா ராயை வைத்துப் பேசினார்கள். ஆச்சி சினிமாவும் பார்க்கவில்லை, புத்தகமும் படிக்கவில்லை, என் குரலில் கேட்டதை வைத்தே நந்தினியை முழுசாகப் புரிந்து வைத்திருந்தார். நான் எத்தனையோ விமர்சனக் கட்டுரை படித்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் வைக்க எதுவும் இல்லை.

அம்மாவின் கட்சி மணிமேகலை. வந்தியத்தேவன்மேல் ஆசை வைத்து ஏமாந்த கடம்பூர்ப் பெண். கடைசியில் அவள் சாவதோடு நாவல் முடிகிறது. அம்மா எத்தனையோ முறை படித்திருக்கிறாளே தவிர, முதல் தடவைக்குப் பிறகு அந்தக் கடைசி அத்தியாயத்தைத் திறந்ததே இல்லையாம். "அதுக்கு முந்தின பக்கத்துலயே மூடிருவேன். எனக்கு அவ உசுரோடதான் இருக்கா" என்றாள். எனக்குத் தெரிந்த அம்மா கண்டிப்பான மனுஷி, எதிலும் சலுகை கேட்காதவள். ஒரு நாவலோடு இப்படி ஒரு ரகசிய ஒப்பந்தம் வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஊர்க்காரர் ஆயிற்றே என்று கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையையும் படித்துக் காட்டினேன். குழந்தைகள் கதவைப் பிடித்துத் தொங்கிப் பஸ் விளையாடும் இடத்தில் அம்மா முகம் மலர்ந்தது. ஆனால் தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கதவைக் கழற்றிக்கொண்டு போனபின் அந்தக் கைக்குழந்தை குளிரில் நோயாகி இறப்பதை நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்தைத் திருப்பும்போதுதான் நினைவு வந்தது. கண்ணாலேயே முன்னால் ஓடி, அந்த வரிகளை விட்டுவிட்டுப் படித்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "விட்டதையும் படி. எனக்கு இடுப்புதான் ஒடிஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். படித்தேன். நோயாளிக்கு எது தாங்கும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். எனக்குத் தாங்காத 'செல்லாத பணம்' மாதிரி அம்மாவுக்கு இது இல்லை. படுத்திருப்பவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூமணியின் 'வெக்கை'யை எடுத்தபோது இதைவிடப் பெரிய ஆச்சரியம். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்திருந்தான், ஆள் செத்துப்போகிறான். அப்புறம் அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் நாட்கள். வெட்டும் ரத்தமுமாகத் தொடங்கும் கதையை வார்டில் படிக்கலாமா என்று தயங்கினேன். "இது தனுஷ் படமாச்சே" என்று அக்கா உற்சாகமானதும் தொடங்கிவிட்டேன். கொலையைப் பற்றி யாருமே பேசவில்லை. "அந்தப் பய சாப்பிட்டானா?" என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. அதில் அப்பனும் பிள்ளையும் ஒளிந்த இடத்தில் அடுப்பு மூட்டிப் பொங்குவதும், கிடைத்ததைப் பறித்துத் தின்பதும் பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொரு செடிக்கும் காய்க்கும் அம்மா தன் ஊர்க் கதை ஒன்று சொன்னாள். பல நாளாகச் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தவள், அன்று இரவு ரசம்சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இதற்கு நாவல்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மருந்து மாற்றியிருந்தார்கள். ஆனாலும் எனக்குப் பூமணிமேல் ஒரு நன்றி இருக்கிறது.

சத்தமாகப் படிக்கும் எண்ணம் இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்து விளக்கு அணைப்பதற்குள் கிடைக்கும் இடைவெளிதான் சரியான நேரம். பகலில் தொண்டை வற்றுவதுதான் மிச்சம். பொறுப்பு சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், பிறகு ஒருவர் வந்து அதட்டினால் மனசு விட்டுப்போகும். பக்கத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் இருந்தால் அன்றைக்குப் படிக்காதீர்கள். பொன்னியின் செல்வன் நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் ஏராளம். ஆனால் பல பதிப்புகளில் எழுத்து எறும்பு மாதிரி நெருக்கி அச்சாகியிருக்கும், வராந்தா டியூப் லைட்டில் கண் எரியும். வாங்குமுன் திறந்து பாருங்கள். இணையத்தில் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, செல்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ராத்திரியில் திரை வெளிச்சம் அடுத்தவர் கண்ணில் குத்தும், அதனால் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒலிப்புத்தகம் கேட்பதானால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். நான் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்டபோது அம்மா கூப்பிட்டது விழவில்லை, பக்கத்து அக்கா என் தோளைத் தட்டவேண்டியதாயிற்று.

இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப்போன அன்று கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள், திரும்பி வரும்போது வேறு தளத்தில் வேறு கட்டில். சாமான்களை ஒரு ஆள் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வைத்தார். பாட்டி பைண்டு செய்த பாகம் அதில் வந்து சேரவில்லை. பழைய பேப்பர் என்று யாராவது தூக்கிப் போட்டார்களா, எடுத்துக்கொண்டார்களா, தெரியவில்லை. இரண்டு நாள் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கிக் கேட்டேன். 'கொலை வாள்' பாகம். கடையில் புதுப் பிரதி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மணியத்தின் படங்களும் ஓரத்தில் பாட்டி பென்சிலில் எழுதிய பால் கணக்கும் அதில் இருக்காது. வீட்டில் ஒன்றே ஒன்று என்று இருக்கும் எதையும் அங்கே எடுத்துப்போகாதீர்கள். நூலகப் புத்தகமும் வேண்டாம், தொலைந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். தொலைந்தாலும் கவலையில்லாத பழைய புத்தகக் கடைப் பிரதிதான் சரி, அதிலும் முதல் பக்கத்தில் கட்டில் எண்ணை எழுதி வையுங்கள்.

இன்னொரு நஷ்டம் பணமாகவே. கைக்குக் கிடைத்த மருந்து பில்லைப் பக்க அடையாளமாகச் செருகும் பழக்கம் வார்டில் எல்லோருக்கும் உண்டு. காப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது அசல் பில் கேட்டார்கள். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கான பில்கள் இல்லை. ஒன்று 'காவல் கோட்ட'த்துக்குள் இருந்து பல மாதம் கழித்துக் கிடைத்தது, கடைசித் தேதி தாண்டிவிட்டது. பில்லுக்குத் தனி உறை வைத்துக்கொள்ளுங்கள், பக்க அடையாளத்துக்கு டீ டோக்கன் போதும்.

அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் அம்மா இருந்த ராத்திரி நான் எதையும் படிக்கவில்லை. 'தண்ணீர்' மடியில்தான் இருந்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் செய்முறையை, முதலில் ஊசியை இழு, பிறகு அழுத்து என்று, மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். அந்த மாதிரி ராத்திரிக்கு எந்தப் புத்தகத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஆளை வரச்சொல்லுங்கள், கூச்சம் பார்க்காதீர்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை, ஏன் கூப்பிடவில்லை என்று இன்றும் தோழிகள் திட்டுகிறார்கள்.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள், புதுக் கண்ணாடி போட்டாயிற்று. 'செல்லாத பணம்' அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு பல மாதம் இருந்தது. போன மாதம்தான் எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை, முதலிலிருந்தே படித்தேன். வார்டில் படித்தபோது ரேவதியின் அம்மா அமராவதி மட்டும்தான் என் கண்ணில் பட்டாள், அவள் நான்தான் என்று நினைத்தேன். இப்போது அப்பா நடேசன்மேல்தான் மனசு போயிற்று. காசு வைத்துக்கொண்டு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நிற்கும் மனுஷன். துபாயிலிருந்து வீடியோ காலில் "எவ்வளவு அனுப்பட்டும்க்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்ட தம்பிமேல் நான் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன். அவனுக்கு இதுவரை நான் எந்தப் புத்தகமும் அனுப்பியதில்லை. இதை அனுப்பினேன், ஆஸ்பத்திரிக் கதை, மகள் பிழைக்க மாட்டாள் என்று முதல் வரியிலேயே எழுதி. இன்னும் படிக்கவில்லை என்கிறான்.